வேண்டிக்கொண்டவர் பாட்டிலில் இருக்கிறார்

புன்சான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்று எங்கள் சந்தில் ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது. கெட்டவர் இல்லை. யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்பார். அந்த நாள் வந்ததும் முழங்கால் வலிக்கும், அல்லது மழை வருகிறாப்போல் இருக்கும். எங்கள் ஊர் லூகாங்கில் சிப்பி ஆம்லெட் போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. புன்சான் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே சொல்லும் சாக்குகளைக் கேட்கவென்றே அவர் கடைக்கு வருகிறவர்களும் உண்டு. மனைவி இங்தோ பக்கத்தில் நின்று சிவப்புச் சாறை ஊற்றித் தட்டை நீட்டுவாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் புருஷனை "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள்.

எதிர்ப்பக்கம் என் முடிதிருத்தும் கடை. அவர் தலை எனக்கு அத்துப்படி. உச்சியில் இரட்டைச் சுழி, இடது காதுக்கு மேலே எவ்வளவு வாரினாலும் படியாத ஒரு கற்றை. அந்தத் தலைக்குள் கோளாறு இருக்கிறதென்று முதலில் தெரிந்துகொண்டவளும் நான்தான். முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, ரப்பர் கருகுற வாசனை வரலை?" என்று கேட்டார். எனக்கு சோப்பு வாசனைதான் வந்தது. அதே கேள்வியை அந்த மாதம் பலமுறை கேட்டார். பிறகொரு மத்தியானம் கரண்டியைத் தூக்கியபடி கல்லுக்கு முன்னால் அப்படியே நின்றார். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. ஆம்லெட் கரிந்து புகைந்தது. சிப்பி வாளியைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தார்.

தாய்ச்சுங்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதுக்கு உள்பக்கம் மூளையில் ஒரு துண்டு கெட்டுப்போயிருக்கிறது, வலிப்பெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஞாபகங்களைச் சேர்த்து வைக்கிற துண்டாம் அது. எடுத்த இடத்தில் சூரியகாந்தி விதை அளவில் ஒரு கருவியை வைப்பார்கள், அந்த வேலையை இனி அது பார்த்துக்கொள்ளும். புதுச் சிகிச்சை, ஆனால் செய்துகொண்ட மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

கிளம்புகிற அன்று நான்தான் மொட்டையடித்தேன். அந்த ஈரத்தலையோடு நேராகச் சந்து முனையிலிருக்கும் மாட்சோ அம்மன் கோவிலுக்குப் போனார். சந்துக்காரர்கள் பின்னாலேயே போனோம். ஊதுபத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தே கேட்கும்படி வேண்டிக்கொண்டார். "தாயே, நான் திரும்பி வந்து என் பொண்டாட்டி மூஞ்சி எனக்கு அடையாளம் தெரிஞ்சா, உன் பல்லக்குக்குப் பின்னாடி பெய்காங் வரைக்கும் நடந்தே போய் நடந்தே வரேன்." வருஷா வருஷம் அம்மனைப் பெய்காங்குக்குத் தூக்கிப்போகிற பல்லக்குக் குழுவின் தலைவர் ஆதியம் பக்கத்தில் நின்று, "நாங்க எல்லாரும் கேட்டுட்டோம்" என்றார். இருவருக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆகாது.

அறுவை நன்றாக முடிந்தது. கண் திறந்ததும் இங்தோவைப் பார்த்து, "சிப்பிக்காரன் வந்தானா?" என்று கேட்டாராம். அவள் வெளியே போய் அழுதுவிட்டு வந்து, "வந்தான்" என்றாள்.

சந்துக்குத் திரும்பியவர் அதே புன்சான்தான். முன்பு தொடவே மாட்டாத கொத்தமல்லியை இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பழைய பாட்டொன்றை எப்போதும் தப்பான ராகத்தில் முணுமுணுப்பார், அது நின்றுவிட்டது. அவ்வளவுதான். விதைக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு தொப்பி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு என் கடையில், தலைமுடி சுருட்டிக்கொள்கிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். யார் எவரென்று தெரியாத வெளியூர்க்காரி ஒருத்தி, "அவருக்கு என்ன ஸ்டைல் பண்றீங்க?" என்று கேட்டாள்.

பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் வினை வந்தது. ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சார், ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த அதே ஆள்தான் நீங்கன்னு உங்களுக்குத் தோணுதா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த நிமிஷம்வரை புன்சானுக்கு அப்படியொரு சந்தேகமே இருந்ததில்லை. எடுத்த துண்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பாட்டிலில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றாள். ரயிலில் வரும்போது ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாராம்.

அம்மன் ஊர்வலம் கிளம்புகிற, சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் நெருங்கியது. ஊர்வலத்துக்குப் பெயர் சேர்க்க ஆதியம் வந்தார்.

"புன்சான், செருப்பு வாங்கிட்டியா? நல்லதா வாங்கு. வழியில கால் வலின்னு சொல்லக் கூடாது."

புன்சான் ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டார். "எதுக்கு?"

"வேண்டிக்கிட்டியே."

"நான் எங்க வேண்டிக்கிட்டேன்? வேண்டிக்கிட்டவன் தாய்ச்சுங்ல ஒரு பாட்டிலுக்குள்ள இருக்கான். அவனைப் பல்லக்குல வெச்சுக் கூட்டிட்டுப் போ. நான் புது ஆள். ஆஸ்பத்திரியிலேயே சந்தேகமாத்தான் கேக்கறாங்க."

 சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் புன்சானைக் கெடுத்தது. அதன்பிறகு எதற்கெடுத்தாலும் பாட்டில்தான். சிகரெட்டை விடுவதாகச் சத்தியம் செய்தவன் பாட்டிலில் இருக்கிறான். மச்சான் வீட்டுக் கூரைக்குத் தகரம் அடித்துத் தருகிறேன் என்றவனும் பாட்டிலில். என் கடைக் கண்ணாடியை விரிசல் விட வைத்தவனும் அவன்தான் என்றார்.

இங்தோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவர் கரண்டியை எடுக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"சார், அதை வெச்சுடுங்க."

"என்னது, சாரா?"

"இது என் வீட்டுக்காரர் கல்லு. நீங்க புதுசா வந்திருக்கீங்க. கடையில புதுசா சேந்தவங்க மொதல்ல சிப்பி கழுவுவாங்க. அங்க முக்காலி இருக்கு, உக்காருங்க."

அவர் சிரித்தபடியே போய் உட்கார்ந்து கழுவினார். சாயங்காலம் மாடிக்குப் போனால் அவர் துணிமணியெல்லாம் மகளுடைய பழைய அறையில் மடித்து வைத்திருந்தது. "விருந்தாளிங்களுக்கு அந்த ரூம்தான், சார். கொசுவலை கேட்டீங்கன்னா தரேன்."

விஷயம் சந்துக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? நானும் சும்மா இருக்கவில்லை. அவர் முடி வெட்டிக்கொள்ள வந்தபோது, "வாங்க, ஊருக்குப் புதுசா? எப்படி வெட்டணும்?" என்று கேட்டேன். மருந்துக்கடைக்காரர் தன் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கினார். வாடிக்கைக்காரர்கள் புன்சான் எங்கே என்று கேட்டால் இங்தோ, "தாய்ச்சுங்ல இருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியல" என்பாள். காவ்சியுங்கிலிருந்து மகள் போன் செய்தாள். இவர் எடுத்ததும், "அங்கிள், அம்மா இருக்காங்களா?" என்றாள்.

முதலில் அவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கழுவிக் கழுவிக் கை ஊறிப்போனதும் வாதாட ஆரம்பித்தார்.

"இங்தோ, நம்ம மொத மொதல்ல பார்த்தது எங்க, நான் சொல்லவா? மீன் ஏலத்துல. நீ மஞ்ச ரெயின்கோட்டு போட்டிருந்தே. என் கால்ல ஐஸ் பெட்டியை வெச்சே."

"அவர் ஞாபகத்தையெல்லாம் உங்களுக்கு மாத்திக் கொடுத்திருப்பாங்க சார். நல்லா படிச்சிருக்கீங்க."

"உன் முதுகுல மச்சம் இருக்கு."

"அதையுமா சொல்லிக் கொடுத்தாரு? வரட்டும், பேசிக்கறேன்."

எந்த ஞாபகத்தைச் சொன்னாலும் அதே பதில். சொல்லச் சொல்ல அவர் குரல் மெல்லியதாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் கடையில் வேறு யாரும் இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, நெஜமாவே அப்படி இருந்தா?" என்று கேட்டார்.

"எப்படி?"

"எங்கம்மா மூஞ்சி எனக்கு ஞாபகம் வருது. முன்னைவிட நல்லாவே வருது. இதுக்கு முன்னாடி மூக்கு மட்டும் கலங்கலா இருக்கும், இப்ப அதுவும் தெரியுது. அதை நெனைக்கிறது நானா, இல்ல அந்த விதை எனக்குக் காட்டுதா? நான்தான்னு எனக்குத் தோணுது. ஆனா அதோட வேலையே அப்படித் தோண வைக்கிறதுதானோ? பழையவன் அங்கயே முடிஞ்சுபோயி, நான் அவன் சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, அது எனக்கு எப்படித் தெரியும்?"

கேலி செய்ய வாய் வரவில்லை. "எனக்குத் தெரியலை, புன்சான்" என்றேன். "சுழி ரெண்டும் அதே பக்கம்தான் சுத்துது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." அவர் கையைத் தூக்கி உச்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவரே போய் இங்தோவைக் கூப்பிட்டார். "வா, கோவிலுக்குப் போவோம். அந்த அம்மாகிட்டயே கேட்டுடறேன்." அவள் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். சந்து முழுக்கப் பின்னால் போனது. ஆதியம் எனக்கு முன்னால் போய் நல்ல இடம் பிடித்திருந்தார்.

கோவிலைப் பார்த்துக்கொள்கிற சுயிகிம், பாக்கு மெல்லுவதை நிறுத்திவிட்டு, குறி கேட்கிற பிறைக்கட்டைகள் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் அம்மன் ஆம் என்கிறாள். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் தட்டைப்பக்கம் மேலே கிடந்தால் சிரிக்கிறாள், பதில் இல்லை.

புன்சான் மண்டியிட்டார். "தாயே, உன்கிட்ட வேண்டிக்கிட்டுப் போன புன்சான் நான்தானா?" போட்டார். இரண்டும் மல்லாந்து கிடந்தன.

"சிரிக்கிறா" என்றாள் சுயிகிம்.

மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தாள். "தாயே, நான் வேற ஆளா?" என்று மாற்றிக் கேட்டார். கட்டைகள் உருண்டு போய்த் தூணில் இடித்து, இரண்டும் மல்லாந்தே விழுந்தன. கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

"கேள்வி அவளுக்குப் புடிக்கலை போல" என்றார் ஆதியம். "சுத்தி வளைக்காம, நடக்கணுமா வேண்டாமான்னு கேளு."

"நீ சும்மா இரு."

"பயமா?"

புன்சான் முறைத்துவிட்டு, கட்டைகளைக் கும்பிட்டு, "இங்க மண்டி போட்டிருக்கிற ஆள், அவன் எவனா இருந்தாலும், நடக்கணுமா?" என்று போட்டார். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. வழக்கப்படி மூன்று தடவை போட்டார், மூன்றும் அப்படியே.

"நான் யாருன்னு சொல்லவே இல்லியே அவ" என்றார் புன்சான், தரையைப் பார்த்தபடி.

"நடக்க வைக்கிறதுக்கு அது தேவையில்லைன்னு நெனைச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு சுயிகிம் மறுபடி பாக்கை மெல்ல ஆரம்பித்தாள்.

அவர் நடந்தார். இதை இன்னும் நம்பாதவர்கள் சந்தில் இருக்கிறார்கள். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, இங்தோ சார்ஜ் தொப்பியையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பக்கத்திலேயே ஊர்ந்தாள். நான் மற்றப் பெண்களோடு பின்னால் நடந்தேன். வழியெல்லாம் கஞ்சியும் பன்னும் கொடுத்தார்கள். மற்றவர்கள் மர நிழலில் படுத்திருக்கையில் இவர் யார் வீட்டு வாசலிலாவது, சுவரிலிருந்து வயர் இழுத்துத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் வந்து எட்ட நின்று பார்ப்பார்கள். இங்தோ அப்போதும், "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டாள்.

திரும்பி வரும்போது சீலுவோ இரும்புப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கால் பூராக் கொப்புளம். பல்லக்கு போய்க்கொண்டே இருந்தது. கீழே சேற்றுத் தண்ணீர், மேலே வெயில். எல்லோரும் சுற்றிக் கடந்து போனார்கள். நான் நின்றுவிட்டேன்.

இங்தோ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் செருப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"அவர் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டாரு" என்றாள்.

"அப்போ நான் அவரில்லைன்னு முடிவு பண்ணிட்டியா?" புன்சான் கேட்டது விளையாட்டுக்கு இல்லை.

அவள் கொப்புளத்தின் மேல் துணியைச் சுற்றினாள். "எனக்கு எப்படித் தெரியும்? அம்மனே சொல்லலை. அவர் எப்பவாவது திரும்பி வந்தா நான் பேசிக்கறேன். யோவ், நீ எந்திரி."

 அவர் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஸ்கூட்டரில் ஏறிக்கொள்ளச் சொல்லி நான்தான் சொன்னேன். வேண்டாமென்றார். பல்லக்கை நாங்கள் எட்டிப் பிடித்தபோது ஆதியம் திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பைத் தோள் மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கரண்டி அவர் கைக்குத் திரும்பியது. பாட்டில்காரனைப் பற்றி அவர் பேச்சே எடுப்பதில்லை. பயம் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். சில நேரம் கல்லைப் பார்த்தபடி நிற்பார். இங்தோ கரண்டிக் காம்பால் விலாவில் ஒரு இடி கொடுப்பாள். "ஆள் இருக்கேன், ஆள் இருக்கேன்" என்பார்.

போன மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க நானும் அவர்களோடு காவ்சியுங் போனேன். புன்சான் குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், வெகு நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இவ மூஞ்சியைப் பழைய துண்டு பார்த்ததே இல்ல" என்றார். "இவளை ஞாபகத்துல வெச்சிருக்கிறது பூரா அந்த விதைதான். அது நானில்லைன்னு நான் சொன்னா, இவளுக்குத் தாத்தா இல்லாமப் போயிடும். அதனால அதுவும் நான்தான்னு எடுத்துக்கிட்டேன். யாரையும் கேக்கப் போறதில்ல."

குழந்தை நெளிந்தது. புன்சான் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, அதை அப்படியே மனைவி பக்கம் நீட்டினார்.

இங்தோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. துணிப்பையைத் திறந்து டயப்பரை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"தாத்தாதானே? மாத்துங்க, சார்."

அவர் முழங்கால் வலிக்கிறது என்று ஆரம்பித்தார். மகள் எழுந்து கதவைச் சாத்தினாள். நாங்கள் மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம்.