பதினேழாம் நம்பர் மரைக்குட்டி

இடுப்பில் கட்டி நனைந்த படங்குச் சாக்கும் துணி துவைக்கிற மஞ்சள் சவுக்காரமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். மழைக்காலத்தில் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்குள் நுழையும்போது முதலில் வருவது அதுதான். அட்டை ஏறாமல் இருக்க எங்கள் மலைகளில் பெண்கள் எல்லாரும் காலிலும் கையிலும் சவுக்காரம் தேய்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள்.

இப்போதும் எங்காவது அந்த வாசம் வந்தால் நான் அங்கே நிற்கமாட்டேன்... ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு ஒரு மிஸ் வந்தார். மரை என்று நாங்கள் சொல்லும் பெரிய காட்டுமானின், அப்போதுதான் பிறந்த குட்டிகளைப் பிடித்து, எடை பார்த்து, காதில் மஞ்சள் டேக் அடித்துத் திரும்ப விட்டுவிடுவார். எத்தனை குட்டி பிழைக்கிறது என்று பார்ப்பதற்கு. எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பதால் என்னை ஃபீல்ட் அசிஸ்டன்ட் ஆக்கிக்கொண்டார்.

தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நான் நடந்த நடை இருக்கிறதே... கேட்காதீர்கள்.

தாய்மரை மேயப் போகும்போது குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போகும். குட்டி அசையவே அசையாது. காடாகிப்போன பழைய தேயிலை மலைகள்தான் அதற்கு வாகான இடம். எந்தக் குட்டி எங்கே கிடக்கிறது என்று கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். நாயைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். என்னிடம் சொன்னார்கள். நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை.

மிஸ்ஸிடம் ஒரு தாள் இருந்தது. கையுறை இல்லாமல் குட்டியைத் தொடக்கூடாது. அந்த இடத்துப் புல்லைக் கசக்கிக் கையுறையில் தேய்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். மனித வாசம் ஒட்டினால் தாய் ஒதுக்கிவிடலாம். எல்லாம் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. பெண்களுக்கு நீ தமிழில் சொல்லிவிடு என்று மிஸ் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

குட்டியைக் கண்டால் உடனே எனக்கு ஆள் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். தொடக்கூடாது என்பதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பொய். இவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற அலட்சியம்... திமிர் என்றே சொல்லலாம்.

ஒரு நாள் காலை, அடைமழையில் ஆள் வந்தது. நானும் மிஸ்ஸும் மூச்சு வாங்க மலை ஏறினோம்.

அங்கே என் அம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக் குட்டியைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. அதன் கால்களை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

"குளுர்ல வெடவெடன்னு நடுங்கிச்சு புள்ள. பச்ச ஒடம்பு, பாவம்" என்றார்.

மிஸ் என்னைத்தான் பார்த்தார்.

பெண்குட்டி. டேக் நம்பர் பதினேழு. புல்லைக் கசக்கி உடம்பெல்லாம் தேய்த்து, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எதிர்மேட்டிலிருந்து பார்த்தோம். பொழுது சாயும் நேரம் தாய் வந்தது. குட்டி தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் போனது. தாய் மோந்து பார்த்தது... முன்காலால் தரையை உதைத்தது. விலகிப் போய்விட்டது.

மறுநாளும் வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனது. நாம் தூக்கிக்கொண்டு போய்விட்டால் தாய் மனம் மாறி வந்தாலும் குட்டி இருக்காது, இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றார் மிஸ். மூன்றாம் நாள் காலை குட்டி செத்துக் கிடந்தது. காதில் டேக் மட்டும் புதுசாக இருந்தது.

வாசம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மழையாகவும் இருக்கலாம் என்றார் மிஸ். எனக்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "அது தாயோட போயிருச்சா புள்ள?"

"போயிருச்சும்மா."

மறுநாளே மலை முழுக்கச் சொல்லிவிட்டார். தன் மகள் தோடு போட்டு விட்ட மரை என்று...

இப்போது பெல்மதுளை டவுனில் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, மலை ஏறியே வருஷக்கணக்காகிறது. அந்த வேலையை நான் குட்டி செத்த அந்த மாதமே விட்டுவிட்டேன். போன வாரம் என் ஃபோனில் ஏதோ மான் வீடியோ ஓடியது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"நம்ம பதினேழு இப்ப குட்டி போட்டிருக்கும்ல?"

ஆமாம் என்றேன். அன்றைக்குத் தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இப்போது சொல்ல வேண்டிய வரியும் ஒன்றுதான், அதுவும் வரமாட்டேன் என்கிறது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.