பேங்கில் வேலை பார்க்கும் பையனும் என் தொடரியல் தாளும்

ஐம்பத்தோரு வயதில் தொடரியல் தாளில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கியவன் நான். இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. எழுவாய் பயனிலை தெரியாதவனா நான், ஒரு மொழியியல் பட்டமும் கிடக்கட்டும் என்று வார இறுதி எம்.ஏ.வில் சேர்ந்தேன். அங்கே வாக்கியத்தைத் தலைகீழாகத் தொங்கும் மரமாக வரைந்தார்கள். கேள்விச்சொல் ஒரு கிளையில் பிறந்து இன்னொரு கிளைக்குக் குடிபோகும். பழைய வீட்டில் ஆள் இல்லை, ஆனால் தடம் இருக்கும் என்றார் பேராசிரியை. என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர். தலையாட்டினேன். பதினெட்டு.

மறுவாய்ப்பாக ஒரு கட்டுரை கேட்டார். அதில் ஐம்பது வாங்காவிட்டால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். முனைவர் பட்டம் வரை போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ராத்தூக்கம் போயிற்று.

பன்னிரண்டு வாக்கியங்கள் எழுத வேண்டும்; சிலவற்றில் வேண்டுமென்றே சொற்களைக் குலைத்து வைக்க வேண்டும். பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, நம் ஊரில் இப்படிப் பேசுவார்களா மாட்டார்களா என்று குறிக்க வேண்டும். வாக்கியத்துக்கு ஓர் ஆள் தேவை. பெயர் போட்டால் அந்தப் பெயர்க்காரன் சண்டைக்கு வருவான். ஆகவே சாமர்த்தியமாக ‘பேங்கில் வேலை பார்க்கும் பையன்’ என்று போட்டேன்.

தோவாளையில் பூமாலை கட்டும் ஒரு கொட்டகைக்குப் போனேன். வெள்ளை வேட்டி, கக்கத்தில் பை, கையில் நோட்டு. காலை வியாபாரம் ஓய்ந்து பெண்கள் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையை நடத்துகிற அம்மாள் நாற்காலி போட்டுத் தந்தார். செல்போனில் பதிவை ஓடவிட்டு முதல் வாக்கியத்தை வாசித்தேன்.

“பேங்கில் வேலை பார்க்கும் பையன் யாரை அடித்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள்? இது காதுக்கு எப்பிடி இருக்கு?”

அம்மாள் கையில் நார் அப்படியே நின்றது. “அடிக்கதா? அவனா? ஆரு சொன்னா உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. வாக்கியம் எப்பிடின்னு...”

“ஒரு கோழியக்கூட வெரட்ட மாட்டான் அண்ணாச்சி. தப்புன்னு போடுங்கோ.”

தப்பு என்று போட்டேன். அடுத்தது, அதே பையன் குடித்துவிட்டு வந்ததை யார் யார் பார்த்தார்கள் என்பது.

“ஏட்டி, இங்க வந்து இதக் கேளு!” என்று பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டார். அவள், “சோடா குடிச்சாலே அவனுக்குத் தாங்காது. எந்தப் பாவி சொன்னான்?” என்றாள். அதுவும் தப்பு.

பிறகு நான் கண்டபடி குலைத்து வைத்த வாக்கியம்: “சேலை அம்மாவுக்குப் பேங்கில் பையன் எடுத்தான் வேலை பார்க்கும்.”

“அது சரி,” என்றார்கள் எல்லோரும். “போன கோயில் கொடைக்குத்தான் எடுத்தான்.”

பருப்புவடை வந்தது, சாயா வந்தது. “பொண்ணு என்ன படிச்சிருக்கு?” என்று அம்மாள் விசாரித்தார். எனக்கு ஒரே மகள், “எம்.காம்” என்றேன். பல்கலைக்கழகப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதில் சொல்லியிருந்தபடி என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பத்துப் பேரும் ஒரே பதில் சொல்லியிருந்தார்கள். இப்படி ஓர் ஒற்றுமை எந்தப் பாடநூலிலும் கிடையாது. மூன்று வாரம் மரம் வரைந்தேன். அடி, குடி போன்ற வினைகளைத் தாண்டிக் கேள்விச்சொல்லால் மேலே ஏற முடியாது என்று கண்டுபிடித்து, அதற்குத் ‘தோவாளைத் தடை’ என்று பெயரும் சூட்டினேன்.

வகுப்பில் வாசித்தபோது பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், பதிவு இருக்கா? போடுங்க.” போட்டேன். கோழி விஷயத்துக்கே முன் பெஞ்சு குலுங்கியது. எம்.காம் வந்தபோது பேராசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் சொந்த ஊர் எங்கள் பக்கத்து இராஜாக்கமங்கலம், விளக்கம் தேவைப்படவில்லை.

“சார், நீங்க வாக்கியத்த விசாரிக்கல. மாப்பிள்ளய விசாரிச்சிருக்கீங்க.”

எங்கள் பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரர் நோட்டும் கையுமாக வந்து வேலையில் இருக்கும் பையனைப் பற்றிக் கேட்டால், அவர் பெண்வீட்டுக்காரர். ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கு எதற்கு என்று தெருவே நல்லது மட்டும் சொல்லும். இது எனக்குத் தெரியாததல்ல. தங்கை மகளுக்காக இதே பையோடு அஞ்சுகிராமத்தில் விசாரித்துவிட்டு வந்தவன் நான். தோவாளையில் அந்தக் கொட்டகைத் தெருவில் பேங்கில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பையன் ஒரே ஒருவன் இருந்திருக்கிறான். கொட்டகை அம்மாள் அவனுடைய சித்தி.

முப்பத்திரண்டு போட்டார் பேராசிரியை. அதில் பத்து மரங்களின் அழகுக்காக என்றார். என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் சித்தியின் போன். “அண்ணாச்சி, ஒரு தகவலும் இல்லியே? பையன் வீட்டுல கேக்காங்க.”

ஒளிக்காமல் சொன்னேன். மாப்பிள்ளை பார்க்க வரவில்லை, ஒரு பரீட்சைக்காக வந்தேன், மன்னிக்க வேண்டும்.

“பரீட்சையா? உங்களுக்கா?”

“ஆமா.”

“பாஸாயிட்டேளா?”

“இல்ல. ரெண்டு தடவயும் போச்சு.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னார். ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

“ஏட்டி, நல்ல காலம், தப்பிச்சோம். அந்த வீட்டுல தகப்பனுக்குப் படிப்பு ஏறாதாம்.”