ஐந்து மணிக்கு யானை, ஆறு மணிக்குக் கழுதை

அமெரிக்காவில் எனக்கு வாக்கு இல்லை. அந்த மண்ணை மிதித்ததுகூட இல்லை. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் பஸ் ஓட்டுகிறவனுக்கு அங்கே எவர் ஆண்டால் என்ன? ஆனாலும் அந்த நாட்டு அரசியலில் உடைந்துபோன குடும்பங்களில் ஒன்றையாவது என் கையால்தான் உடைத்தேன்.

நாங்கள் நான்கு பேர். மூத்தவர் அக்கா, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். அவருக்குப் பிறகு அண்ணை, நான், தம்பி. அண்ணை அமெரிக்காவின் தெற்கே பெற்றோல் செட் வைத்திருக்கிறார். அகதியாகப் போய்க் குடியுரிமை எடுத்தவர், வருடக்கணக்கில் காத்திருந்து தம்பியையும் அங்கே எடுப்பித்தார். தம்பி வடக்கே ஒரு பெரிய நகரத்தில் வாத்தியார்.

அங்கே ஒரு பெரிய கட்சிக்கு யானை சின்னம், மற்றதற்குக் கழுதை. அண்ணை யானை, தம்பி கழுதை. நான் இரண்டு பக்கமும் புல் போடுகிறவன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அக்காவின் குசினியில், அடுப்புப் பக்கமாக இருந்து வீடியோ அழைப்பு. அக்காவுக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ், ஞாயிறு ஓய்வு. முதலில் எல்லோரும் அவரவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கமராவுக்குக் காட்டவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அண்ணையின் இடியப்பத்தையும் தம்பியின் பாண் துண்டையும் முட்டையையும் பார்த்துவிட்டுத்தான் அக்கா தன் உப்பில்லாத சோற்றில் கை வைப்பார். பிறகு யானையும் கழுதையும் ஒன்றையொன்று இடிக்கும். நான் தேர்தல் ஆணையாளர் மாதிரி நடுவில் இருந்து இருவருக்கும் கொள்ளி வைப்பேன். அக்கா சிரிப்பார்.

அழைப்பு முடிந்தபின் இருவரும் எனக்குத் தனியாகக் குரல்பதிவு அனுப்புவார்கள். ஒருநாள் அண்ணை சொன்னார்:

"எட, கடை நடத்துறவனை நிம்மதியா விடுவாங்கள் எண்டுதான் நான் யானைக்குப் போட்டனான். இப்ப வெளியில இருந்து வாற சாமானுக்கெல்லாம் இவங்களே வரி ஏத்துறாங்கள். கட்சிக்கை பழைய ஆக்கள் வாய் திறக்கப் பயப்படுகினம். எங்களை மாதிரி வந்த சனத்தைப் பற்றி அவங்கள் கதைக்கேக்க நெஞ்சுக்கை என்னவோ செய்யுது. உவனுக்குச் சொல்லிப்போடாதை."

சில நாள் கழித்துத் தம்பி:

"சின்னண்ணை, எங்கட கழுதையள் தங்களுக்குள்ள உதைபட்டுக்கொண்டு நிக்குதுகள். எல்லாருக்கும் வைத்தியம் வேணும் எண்டு கேட்டா, நடுவில நிக்கிற சனம் ஓடிப்போயிடும், இப்ப வேண்டாம் எண்டு பெரியாக்கள் வாயைப் பொத்துகினம். சின்னக் கடைக்காரரை நாங்கள் யோசிக்கிறேல்லை எண்டு பெரியண்ணை சொல்லுறதும் ஞாயம்தான். அவருக்குச் சொல்லாதேங்கோ."

சொல்லவில்லை. இரகசியம் காப்பதில் நான் கெட்டிக்காரன். காக்கக் கூடாததை மட்டும் காப்பேன்.

காக்க வேண்டியது வேறொரு நாள் வந்தது. கடைசித் தரிப்பிடத்தில் ஏழு நிமிட இடைவேளை. தம்பி அண்ணையின் குரலிலேயே பேசிக்காட்டி ஒரு பதிவு அனுப்பியிருந்தான். "நான் வந்த கதவை நானே பூட்டிப்போட்டுத் திறப்பைப் பொக்கெற்றுக்கை வச்சிருக்கிறன். இனி ஆர் வந்தாலும் தட்டட்டும்!" இருமல்கூட அண்ணையின் இருமல். ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தேன். சிரிப்பு நிற்கமுன்னமே அதைக் குடும்பக் குழுமத்தில் போட்டேன். அண்ணையும் சிரிப்பார் என்று நினைத்தேன். என் பகிடி பிடிக்காத ஒரு மனிதன் உலகத்தில் இருக்கலாம் என்பது எனக்கு எப்போதும் பிந்தித்தான் விளங்கும்.

அண்ணை ஒரு வரி அனுப்பினார்: "அந்தக் கதவைத் திறந்து விட்டது ஆர் எண்டு அவனைக் கேள்."

அதோடு குழுமத்தை விட்டு விலகினார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் ஐந்து மணிக்கு அண்ணை, ஆறு மணிக்குத் தம்பி. அக்கா ஒரே கோப்பையை இரண்டு தரம் காட்டினார். ஐந்து மணிக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் மூடி வைப்பார்; ஆறு மணிக்குத் திறந்து, அப்போதுதான் போட்ட மாதிரி மறுபடி காட்டுவார். ஆறிப்போன சோற்றைத் தின்றபடி ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு பேரையும் ஒண்டா ஒருக்கா எடுக்கேலாதே?"

"அக்கா, ரெண்டு கட்சிக்கும் ஒரே மேடை குடுக்கிறேல்லை."

"உனக்கு எல்லாம் பகிடி. நீதானே உடைச்சனி? நீயே ஒழுங்காக் கதைச்சு விடன்."

"வாற ஞாயிறு கட்டாயம், அக்கா."

அந்த இரண்டு பதிவுகளும் என் கைபேசியில்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் மற்றவருக்குத் தள்ளிவிட இரண்டு விரல் போதும். ஆனால் சொல்லாதே என்று சொன்னதைச் சொன்னால் என்னோடும் கோபிப்பார்களே என்று பயம். இருவருக்கும் நல்லபிள்ளையாக இருக்கிற ஆசை. மூன்று ஞாயிறுகள் போயின. நான்காவது ஞாயிறுக்கு முன்னால், வியாழக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாளில், அக்கா போய்விட்டார்.

மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். சகோதரர்களை வயது வரிசையில் போடுவது எங்கள் வழக்கம். அண்ணை, நான், தம்பி. அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரே நாடு.

இறுதிக் கிரியை நாளில் மண்டப வாசலில் நின்றேன். பார்த்துச் சொல்லுறம் என்றுதான் இருவரும் கடைசிவரை சொல்லியிருந்தார்கள். ஒருவராவது வருவார் என்று நம்பினேன். மண்டபத்தை நடத்துகிற ஜேர்மன்காரர் வந்து தொடங்கலாமா என்று கேட்டார். பத்து நிமிடம் கேட்டேன். அடுத்தவருக்கு டெர்மின், குறித்த நேரம், இருக்கிறது என்றார். செத்தவருக்கும் டெர்மின் உள்ள நாடு. தொடங்கினோம். சகோதரம் என்று நான் ஒருவன்தான் நின்றேன்.

முடிந்தபிறகுதான் கைபேசியைப் பார்த்தேன். காலையிலேயே இரண்டு பதிவுகள் வந்திருந்தன.

அண்ணை: "அவன்தான் அக்காவின்ர செல்லம். நான் வந்தா அவன் வரமாட்டான். அவன் நிக்கட்டும்."

தம்பி: "பெரியண்ணைதான் மூத்த ஆம்பிளை, அவர் நிக்கோணும். நான் வந்தா அவர் திரும்பிப் போயிடுவார். அதுதான் வரேல்லை."

மண்டபத்துக்கு வெளியே, பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அனுப்பினேன். அண்ணையின் இரண்டும் தம்பிக்கு. தம்பியின் இரண்டும் அண்ணைக்கு. எந்தப் பகிடியும் சேர்க்கவில்லை.

முதலில் அண்ணையின் பதில் வந்தது. "இதை அக்கா இருக்கேக்க ஏனடா அனுப்பேல்லை?"

கொஞ்ச நேரத்தில் தம்பி. "சின்னண்ணை, இதை அக்கா இருக்கேக்க அனுப்பியிருக்கலாமே."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு யானையும் கழுதையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தன. அக்காவுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார், உடனே சொல்லவேண்டும் என்ற நினைப்பில், எழும்பி மண்டபப் பக்கம் இரண்டடி நடந்தும் விட்டேன்.