ஆசீர்வாதம் பந்திக்குப் போனது

ராயபுரத்தில் ஆசீர்வாதத்தை மூட்டை சுமக்கிறவராகத்தான் பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டினார். கப்பலின் கிடங்குக்குள் சரக்கை இறக்கவும் ஏற்றவும் செய்கிற இயந்திரம் அது. நாசரேத் பக்கத்திலிருந்து மளிகை வியாபாரத்துக்காகப் பட்டணம் வந்த குடும்பம் அவருடையது. அண்ணன்மார் கடையில் உட்கார்ந்தார்கள். இவருக்குக் கடை ஒத்துவரவில்லை. இயந்திரத்தின் மேல்தான் ஆசை. சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, நல்ல விஞ்சுக்காரர் என்று பெயரும் எடுத்தார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், மழைக்காலத்தில், இரும்புக் கம்பிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிடங்கின் வாயருகே நின்று கைகாட்டுவது தண்டபாணியின் வேலை. நெட்டுக்குப்பத்து மீனவர். அவர் கையைப் பார்த்துத்தான் ஆசீர்வாதம் கட்டை இறக்கவேண்டும், நிறுத்தவேண்டும். அன்று தண்டபாணி நிறுத்தச் சொல்லிக் கை உயர்த்தியபோது ஆசீர்வாதம் குனிந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கட்டு சுழன்று வந்து, தண்டபாணியின் இடது கையைக் கிடங்கு விளிம்போடு சேர்த்து நசுக்கிவிட்டது.

விசாரணையில் கம்பெனி அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆசீர்வாதம் தலையைக் குனிந்தபடி, "இறக்கச் சொல்லித்தான் கைகாட்டினார்" என்று சொன்னார். அவ்வளவுதான். தவறு தண்டபாணியுடையது என்று முடிவாயிற்று. கையில் கட்டோடு அவர் வேலையை விட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் நற்கருணைப் பந்தி. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லோரும் முன்னால் போய் முழங்காலிட்டார்கள். ஆசீர்வாதம் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். அதிலிருந்து பந்தி நடக்கிற ஞாயிறெல்லாம் அப்படித்தான். கடவுள் பரிசுத்தர், தீமையைப் பார்க்க அவர் கண் சகிக்காது என்று சின்ன வயதிலேயே படித்திருந்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது?

அவர் சும்மா இருக்கவில்லை. வெள்ளிதோறும் உபவாசம் இருந்தார். விடியுமுன் போய்க் கோயில் வளாகத்தைப் பெருக்கினார். பீடியை விட்டார். ஊரார் அவரைப் பக்திமான் என்றார்கள். அதைக் கேட்டால் அவருக்கு உடம்பு கூசும். பெண் குழந்தை பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்குத் தானும் முன்னால் போய் நிற்கவேண்டுமே என்று, அதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை நடக்க ஆரம்பிச்சிட்டு. இன்னும் எதுக்கு இழுத்தடிக்கிய?" என்று மனைவி ஞானபாக்கியம் கேட்பார். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார்.

இப்படியே சில வருஷம் போனபின் சிலுவை மரணத்தை நினைவுகூரும் பெரிய வெள்ளி ஒன்று வந்தது. மத்தியான ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போதகர் அன்று அதிகம் பேசவில்லை. "பாவம் லேசான காரியமாக இருந்திருந்தால், போகட்டும் என்று கடவுள் சொல்லியிருக்கலாம். அவரால் அப்படிச் சொல்ல முடியாது, அவர் பரிசுத்தர். நம்மை விட்டுவிடவும் முடியாது, அவர் தகப்பன். அதனால் அந்தப் பாரத்தைச் சுமக்க அவரே வந்தார்" என்றார்.

கூட்டம் கலைந்தபின் ஆசீர்வாதம் போதகரிடம் போய், பீடியிலிருந்து விசாரணை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "நான் இன்னும் என்ன செஞ்சா பந்திக்கு வரலாம் ஐயா?" என்று கேட்டார்.

"எதையும் செய்து அதற்குத் தகுதியாக முடியாது ஆசீர்வாதம். உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நீங்கள் செய்தது அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? எல்லாம் தெரிந்துதான் உங்களுக்காகச் சிலுவைக்குப் போனார்."

"அப்ப தண்டபாணிக்கு நான் செஞ்சது?"

"அது இல்லாமல் போய்விடாது. அந்த மனிதரின் கைக்காகவும் கடவுளுக்கு வலிக்கிறது. மன்னிப்பை விலைக்கு வாங்கப் போகாதீர்கள். மன்னிக்கப்பட்டவராகப் போய் உண்மையைச் சொல்லுங்கள்."

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். ஞானபாக்கியம் மடியிலிருந்த பிள்ளையைப் பாயில் கிடத்தினார். பிறகு, "இத்தனை நாளும் எங்கிட்டகூடச் சொல்லாம இருந்திட்டீகளே" என்று அழுதார். அழுது ஓய்ந்ததும், "காலையில முதல் ரயிலுக்குப் போங்க" என்றார்.

சனிக்கிழமை காலை எண்ணூரில் இறங்கி, மணலில் நடந்து நெட்டுக்குப்பம் சேர்ந்தார். தண்டபாணி உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் பிடித்துக்கொண்டிருந்தார். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சேற்றைத் துழாவினார். கரையில் காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று ஆசீர்வாதத்துக்குத் தோன்றியது. வெள்ளை வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார்.

"தண்டபாணி, நீங்க நிறுத்தச் சொல்லித்தான் கைகாட்டியிருப்பீங்க. நான் பார்க்கலை. பீடி பத்தவச்சுக்கிட்டிருந்தேன். விசாரணையில பொய் சொல்லிட்டேன்."

தண்டபாணி பறியை வாயிலிருந்து எடுத்தார். "எனுக்கு அன்னிக்கே தெரியும்பா. நான் கத்திகினே இருந்தேன், நீ தலைய தூக்கவே இல்ல." பறியைக் குலுக்கி இறாலை அடியில் தள்ளினார். "இப்போ இன்னாத்துக்கு வந்து சொல்றே?"

"எங்க சாமிக்குத் தெரியும். தெரிஞ்சும் அவர் என்னைத் தள்ளலை. இனிமே உங்ககிட்ட மறைச்சு வாழ என்னால முடியாது."

இதற்குள் தண்டபாணியின் மனைவி மங்கம்மா கரைக்கு வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர் குரல் உயர்ந்தது. "உன் சாமி உன்ன மன்னிச்சிட்டா இவரு கை வந்துடுமா?"

"வராதும்மா" என்றார் ஆசீர்வாதம். கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட சொன்னா பத்தாது," என்றார் தண்டபாணி. "கம்பெனிக்காரங்க எதிர்ல வந்து சொல்லு. திங்கக்கெழம நானும் வரேன்."

"சொல்றேன்."

மறுநாள் ஈஸ்டர். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியாமலேயே ஆசீர்வாதம் பந்திக்குப் போனார். முழங்காலிட்டுக் கையை நீட்டினார். போதகர் அதில் அப்பத்தை வைத்து, அந்தக் கையைத் தன் கையால் ஒரு கணம் பிடித்துக்கொண்டார். ஞானபாக்கியம் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். கடவுள் பார்க்கிறார் என்ற நினைப்பு அன்றைக்கும் இருந்தது. ஆனால் முதல்முறையாக ஓடி ஒளியத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அதிகாரியின் முன்னால், தண்டபாணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். விஞ்சு வேலை போயிற்று. கெஞ்சிக் கேட்டபிறகு மூட்டை சுமக்கச் சேர்த்துக்கொண்டார்கள். தண்டபாணிக்குக் கரையிலுள்ள கம்பெனிக் கிடங்கு வாசலில் காவல் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. 'கிருபை' என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணன்மாருக்கு இது அவமானமாக இருந்தது. "பழைய கதையை எதுக்குடே கிளறினே? யாரு கேட்டா?" என்றார்கள்.

"யாரும் கேக்கலண்ணே. எனக்கு மூச்சுவிட முடியுது இப்ப" என்பார்.

அதன்பிறகு தோளில் மூட்டையோடு அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவதைக் கூட இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். வீட்டு ஜெபத்தில், நான் பாவி என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தமாட்டார். "தண்டபாணி கையை நசுக்கி, அவர் மேலேயே பழியைப் போட்ட என்னை நீர் விடலை, ஸ்தோத்திரம்" என்று பெயர் சொல்லி நன்றி சொல்வார். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

தண்டபாணி ஒருநாளும் மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மத்தியானத்தில் டீ வாங்கினால் ஆசீர்வாதத்துக்கும் சேர்த்தே வாங்கி வைப்பார். மழைக்காலத்தில் கை குடைச்சல் எடுத்தால் கோபம் வரும். "உன்னாலதான்யா இந்தப் பேஜாரு" என்று திட்டுவார். ஆசீர்வாதம் மறுத்துப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். திட்டி முடிந்ததும் தண்டபாணி கொஞ்சம் நகர்ந்து, கிடங்குச் சுவரோரம் நனையாத இடத்தை அவருக்கு விடுவார். டீ ஆறுவதற்குள் இருவரும் குடிப்பார்கள்.