குழாய்க்குள் நடந்த கூட்டம்

எங்கள் வில்பட்டி ஓடையில் பாலம் போட, ஆள் நுழையும் அகலத்தில் அலுமினியக் குழாய் வந்து இறங்கியது. "வெறும் தகர டப்பா! ஜீப் ஏறினா நசுங்கிரும்" என்று ஊர்க் கூட்டத்தில் கத்தினேன். அக்கரையில் கேரட் போடும் செல்வி பதில் சொல்ல எழுந்தார். அவரை நான் பேசவே விடவில்லை.

மறுநாள் காட்டுமாடு துரத்த, கரையில் கிடந்த அந்தக் குழாய்க்குள்தான் புகுந்தேன். அதே மாட்டுக்குப் பயந்து எனக்கு முன்பே செல்வி உள்ளே!

"தள்ளி உக்காருங்கண்ணே. டப்பா தாங்கும்."

மறுமுனையைப் பாறை அடைத்திருந்தது. இந்த முனையில் மாடு நின்றது. செல்வி மெதுவாகப் பேசினார்.

"போன மழைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல். தண்ணி வடியிற வரைக்கும் தூக்கி வச்சுக்கிட்டு அக்கரையிலயே நின்னேண்ணே. காங்கிரீட் போட இந்தச் சரிவுல மிஷினு ஏறாது. இத நாலு பேரு தூக்கி ஓடையில வச்சுரலாம். மேல மண்ணக் கொட்டி இறுக்கிட்டா ஜீப்பும் போகும்..."

மாடு போய்விட்டது. நான் நகரவில்லை. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.