அடுத்த தாளுக்கு வராத வரி

எழுபதுகளின் கடைசியில், விமானிகளின் உரிமங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. தலைநகரில், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விமானிகளுக்கு உடல் பரிசோதனை, ஓட்டும் திறனுக்குத் தனிச் சோதனை. தேதி தாண்டினால் கோப்பில் குறித்து மேலே அனுப்புவேன். எத்தனை மணி நேரம் ஓட்டினார், நடுவில் எவ்வளவு ஓய்வு என்பதும் எங்களுக்கு வரும்.

ஒருமுறை, உடல் பரிசோதனைத் தேதி இரண்டு நாள் தாண்டிவிட்ட ஒரு கேப்டனை நிறுத்தி வைத்தோம். மெட்ராஸ்காரர். நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு நாள்ல எனக்குக் கண்ணு அவிஞ்சா போயிடும், சார்?"

"அவியலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா நான் ஏன் தடுக்கறேன்?"

மாலையில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். "அந்த டாக்டருக்குக் கண்ணு தெரியறதான்னு யாரு பாக்கறா?" நானும் சிரித்தேன்.

அடுத்த தை மாதம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பெனிசிலின் அவளுக்கு ஆகாது. மகள் பிறந்தபோது அதைப் போட்டதுமே அவளுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது சொன்னேன். நர்ஸ் அதைக் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். கட்டில் போதாமல் வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே புதுத் தாள் தொடங்கினார்கள். சிவப்பு வரி பழைய தாளோடு நின்றுவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். அவள் காய்ச்சல் மயக்கத்தில் இருந்தாள். நான் பழம் வாங்கப் போயிருந்தேன். பதினொன்று ஐந்துக்கு அவள் இல்லை.

சான்றிதழில், இதயம் நின்றதால் மரணம் என்று போட்டிருந்தார்கள். ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இறந்தாள் என்பது ஏதாவது ஒரு தாளில் இருக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவறைக் குமாஸ்தா இந்தியில் அன்பாகவே கேட்டார்: "அரே பாயி சாப், கடைசியில் எல்லோருக்கும் இதயம்தானே நிற்கிறது?"

விமானத்தின் சக்கரம் ஓடுபாதையை விட்டு இறங்கினாலே எங்கள் அலுவலகத்தில் மூன்று அறைகளில் விளக்கம் கேட்பார்கள். இங்கே கேட்பதற்கென்று ஓர் அறை இல்லை.

ஊசி எழுதிக்கொடுத்த டாக்டரைப் பதினாறாம் நாள் பகலில் வராந்தாவில் பிடித்தேன். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன், பயிற்சியில் இருப்பவன். திட்டுவதற்குத்தான் போனேன்.

"நான்தான் அண்ணாச்சி," என்றான். "பழைய தாளப் பாக்கவே இல்ல. ஒத்துக்கிடுதான்னு பாக்குற டெஸ்ட் டோஸும் போடச் சொல்லல. முந்தின நாள் காலைல ஏறுன டூட்டி. படுக்கவே இல்ல."

எங்கள் விதிப்படி அவன் முதல் நாள் மாலையே காக்பிட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டியவன்.

அவனே ஒரு தாளைக் கிழித்து, நடந்ததை நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"இதக் குடுத்தா என்ன ஆகும்?"

"என்னய அனுப்பிருவாக."

"டூட்டி நேரம் குறையுமா?"

"என் எடத்துக்கு இன்னொருத்தன் வருவான். அவனும் இப்படித்தான் நிப்பான்."

இரண்டு முறை படித்தேன். நேரம்கூட, வார்டில் விசாரித்து அன்றே நான் நாட்குறிப்பில் எழுதிவைத்ததோடு ஒத்துப்போனது. தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பின்பகுதியில் மகள் கல்லூரி விடுதியில் சேர ஒரு மருத்துவப் படிவம் நிரப்பினாள். குடும்ப நோய்கள் என்ற இடத்தில், தாய்க்கு இதய நோய் என்று எழுதியிருந்தாள்.

"அம்மாவுக்கு இதயத்துல ஒண்ணும் இல்லம்மா," என்று முழுவதையும் சொன்னேன்.

"அச்சா? பின்ன சர்ட்டிபிகேட்ல அப்படி இருக்கே. நீங்க சொல்றது எதுல எழுதியிருக்கு, பப்பா?"

தாளைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள். பிறகு எழுதியதை அடிக்காமலே படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.