சுண்ணாம்புக்கு அடியில் இருந்த பெயர்

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் மூச்சில்லாமலே பிறந்து, சாய்ந்தமருது மையவாடியில் அடங்கியிருந்தன. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று மாமி ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். மேற்கே பாறைகளின் அடியில் அடங்கியிருக்கும் அவுலியாவின், அதாவது இறைநேசரின், கப்றுக்கு நான் கால்நடையாகப் போய், நம் கடற்கரைச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை என் கையாலேயே பூசிவிட்டு வர வேண்டும். நேர்ந்தவர் மாமி, நடக்கிறவர் மருமகன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. புதுத் தெருக்களில் லொறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. ஆனால் நேர்ச்சைக்கு வாகனம் ஆகாதாம்.

நான் ஆங்கிலம் படித்த வாத்தியார். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கொரு பெருமையும் இருந்தது. ஆனால் பெண் வீட்டில் வாழ்கிறவன் மாமியோடு தர்க்கம் பண்ணிவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவது? விடியற்காலை சுபஹு தொழுத கையோடு, சுண்ணாம்பு நிறைத்த பனையோலை உமலைத் தோளில் போட்டேன். மனைவியின் காக்கா, என் மூத்த மச்சான், துணைக்கு வந்தார். சவளக்கடையில் வயல் செய்கிறவர், அந்தப் பக்கத்துப் பாதையெல்லாம் தெரிந்தவர்.

வரம்பு வரம்பாக நடந்தோம். சவளக்கடை தாண்டியதும் வயல் முடிந்து பாறைகள் தொடங்கின. ஒரு பாறையில் படி வெட்டியிருந்தது. படிக்கு மேலே, யாராலும் வாசிக்க முடியாத எழுத்து ஒரு வரி. இன்னும் கொஞ்சத் தூரத்தில் செங்கல் மேடு ஒன்று. ஒவ்வொரு கல்லும் தலையணை அளவு.

"இதெல்லாம் ஆர் கட்டின மச்சான்?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்து ஆக்கள்" என்றார், கூட நின்று பார்த்தவர் மாதிரி.

குளக்கட்டின் ஓரத்தில் கிறிஸ்தவர்களின் வேதக் கோயில் ஒன்று இடிந்து கிடந்தது. குளத்தைத் திருத்த வந்த வெள்ளைக்காரர்கள் கட்டியதாம். கூரை இல்லை; உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. படி வெட்டியவர்கள், செங்கல் அடுக்கியவர்கள், இதைக் கட்டியவர்கள் எல்லாரும் இது நிற்கும் என்று நினைத்துத்தானே கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தோள் நோவில் அந்த யோசனையும் நெடுநேரம் நிற்கவில்லை.

கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாலை மரத்தின் கீழ் கப்று இருந்தது. வருடா வருடம் பூசிய சுண்ணாம்பில் அதன் மூலைகள் எல்லாம் உருண்டு போயிருந்தன. பச்சைக் கொடிகள் சில கிழிந்து தொங்கின. மச்சான் பாத்திஹா ஓதிவிட்டு, சுண்ணாம்பு கரைக்கக் குளத்தில் தண்ணீர் எடுக்கப் போனார். நான் மேசன் கரண்டியால் பழைய பூச்சைச் சுரண்டத் தொடங்கினேன். தலைமாட்டில் ஒரு பெரிய பொருக்கு அப்படியே கழன்று விழுந்தது. அடியில் கல். கல்லில் எழுத்து.

ஆங்கில எழுத்து. முதல் வரியில் ஒரு பெண்ணின் பெயர்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாமியின் அவுலியா ஒரு வெள்ளைக்காரி! ஊருக்குப் போய் இதை எப்படி எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன். பிறகு மற்ற வரிகளையும் வாசித்தேன். வயது இருபத்துமூன்று. பிரசவத்தில் இறந்தவள். பக்கத்தில், ஒரே ஒரு நாள் இருந்த அவளுடைய மகன்.

நம்பிக்கை இல்லாதவனுக்கு எதற்குப் பயம் என்று இன்றைக்குக் கேட்கலாம். அன்றைக்குப் பயந்தேன். சுகப் பிரசவத்துக்காக நாங்கள் யாரிடம் வந்து நிற்கிறோம்! மச்சானின் காலடி கேட்டதும் கழன்ற பொருக்கை எழுத்தின்மேல் வைத்து மறைத்தேன். சுண்ணாம்பு கரைந்ததும் அந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்று தரம் அப்பினேன்.

"மேசன்மாரையும் மிஞ்சிட்டீங்க மச்சான்" என்றார் அவர்.

வீட்டில் மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிழல் இருக்கிறதா, கொடி இருக்கிறதா, வடிவாகப் பூசினேனா. "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இருபத்துமூன்று கண்முன் வந்தது. அவளுக்கும் அதே வயது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. வாசலில் நின்ற நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்த பிறகு, மனதில் வைத்திருக்க முடியாமல் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அல்லது பயந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"புள்ளப் பெறக்குள்ள மௌத்தானவவா?"

"ஓம்."

"அப்ப என்ட பாடு அவக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்?"

அடுத்த வருடம் அவளே கேட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் என்னோடு அந்தக் கப்றுக்கு வந்தாள். சுண்ணாம்பும் கொண்டுவந்திருந்தாள். எழுத்துள்ள இடத்தைச் சுரண்டச் சொன்னாள். பெயரை வாசித்துக் காட்டினேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். அது அவள் நாக்குக்கு வளையவில்லை. நான் கப்றைச் சுற்றிப் பூசிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"அதுல பூசாதிங்க. அவட பேரும் புள்ளட கதையும் வெளியில இரிக்கட்டும்."